பையைத் திறக்கச் சொல்லலாமா? ரூமில் உட்கார வைக்கலாமா? செக்யூரிட்டி, டி.டி.ஆர்., பஸ் செக்கருக்கு சட்டம் தரும் அதிகாரம் என்ன?

மால் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டை விட்டு வெளியே வரும்போது பில்லைக் கேட்கிறார்கள். அபார்ட்மெண்ட் கேட்டில் ஆதாரைக் கேட்கிறார்கள். ரயிலில் டி.டி.ஆர்., பஸ்ஸில் செக்கர், மெட்ரோவில் ஸ்கேனர் பக்கத்தில் ஒரு காவலர். யூனிஃபார்ம் போட்டவர் கேட்டால் பெரும்பாலும் நாம் மறுபேச்சு பேசுவதில்லை.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே அதிகாரம் கிடையாது. சிலருக்கு சட்டமே தனி அதிகாரம் கொடுத்திருக்கிறது. சிலருக்கு உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதிகாரம் மட்டும்தான். எங்கே ஒத்துழைக்க வேண்டும், எங்கே "முடியாது" என்று சொல்லலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

செக்யூரிட்டி: சட்டத்தின் பார்வையில் யார்?

மால், மருத்துவமனை, ஐ.டி. கம்பெனி, அபார்ட்மெண்ட் ஆகிய இடங்களில் நிற்கும் காவலர்களில் பெரும்பாலானோர் தனியார் ஏஜென்சி மூலம் வருபவர்கள். இந்த ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்துவது 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம்.

அந்தச் சட்டம் சொல்லும் முக்கியமான விஷயங்கள்:

- லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- காவலராகச் சேருபவர் இந்தியக் குடிமகனாக, 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். அவருடைய பின்னணியைச் சரிபார்த்திருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும்.
- ஒவ்வொரு காவலருக்கும் புகைப்படத்துடன் அடையாள அட்டை தரவேண்டும்.
- போலீஸ், ராணுவ யூனிஃபார்ம் போலத் தோன்றும் உடையை அணியக் கூடாது. அணிந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவும் சொல்லும் இந்தச் சட்டம், காவலருக்குத் தனியாகக் கைது செய்யும் அதிகாரத்தையோ, உடல் சோதனை செய்யும் அதிகாரத்தையோ தரவில்லை. சட்டப்படி அவர் அரசு ஊழியர் அல்ல, தனிநபர். "நான் போலீஸ் மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் அது தவறு. அரசு ஊழியர் போல நடிப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவின்படி குற்றம். அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

அப்படியானால் பையைச் சோதிப்பது எப்படி?

உங்கள் சம்மதத்தின் பேரில். அவ்வளவுதான்.

மால், தியேட்டர் எல்லாம் தனியார் இடம். "பையைக் காட்டிவிட்டு வாங்க" என்று நிபந்தனை வைக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. காட்ட விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் மறுத்தால் அவர் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆனால் பையைப் பிடுங்கிப் பார்க்க முடியாது.

உடலைத் தொட்டுச் சோதிப்பதும் இதே கணக்குதான். பெண்களை ஆண் காவலர் தொட்டுச் சோதிக்கும் பேச்சுக்கே இடமில்லை. போலீஸே ஒரு பெண்ணைச் சோதனை போட வேண்டுமென்றால், இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு செய்யவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49-வது பிரிவு சொல்கிறது. போலீஸுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் தனியார் காவலருக்கு?

செல்போனும் அப்படித்தான். "லாக்கை எடுங்க, கேலரியைக் காட்டுங்க" என்று கேட்கவோ, எடுத்த போட்டோவைத் தானே அழிக்கவோ எந்தச் சட்டமும் செக்யூரிட்டிக்கு அதிகாரம் தரவில்லை. இங்கே போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லலாம். கேட்காவிட்டால் வெளியே போகச் சொல்லலாம்.

அபார்ட்மெண்ட்டுகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையை மட்டும் தினமும் திறந்து பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அசோசியேஷன் தீர்மானம் போட்டுவிட்டது என்பதற்காக அது சட்டபூர்வமான சோதனை அதிகாரமாக மாறிவிடாது. அவர்களும் சம்மதித்தால்தான் சோதனை. வேலை போய்விடும் என்ற பயத்தில் திறந்து காட்டுவது வேறு, சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு.

யாரை வேண்டுமானாலும் உள்ளே விட மறுக்கலாமா?

முடியாது. இங்கேதான் பல நிறுவனங்கள் கோட்டைத் தாண்டுகின்றன.

மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடங்களுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது. இது அரசியல் சாசனத்தின் 15(2)-வது பிரிவு. அரசுக்கு மட்டுமல்ல, தனியார் கடைக்காரருக்கும் பொருந்தும்.

2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் சமூகத்தினரை உள்ளே விட மறுத்த வீடியோ பெரும் கண்டனத்தைக் கிளப்பியது நினைவிருக்கலாம். தியேட்டர் ஊழியர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. வாசலில் நின்றவர் "மேலே இருந்து சொன்னாங்க" என்று சொன்னாலும், வழக்கில் முதலில் பெயர் வருவது வாசலில் நின்றவருக்குத்தான்.

வேட்டிக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விட மறுத்தார்கள். அதே ஆண்டு சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி அல்லது பாரம்பரிய இந்திய உடை அணிந்தவரை, உடையைக் காரணம் காட்டி பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

திருடினார் என்று பிடித்து வைக்கலாமா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி.

தனிநபர் கைது செய்யும் அதிகாரம் ஒன்று சட்டத்தில் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு. செக்யூரிட்டிக்கு இருப்பதும் இதே அதிகாரம்தான். உங்களுக்கும் இருக்கிறது.

ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை:

1. குற்றம் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். "சந்தேகமா இருந்துச்சு", "பார்த்தா திருடன் மாதிரி இருந்தார்" என்பதெல்லாம் செல்லாது.
2. அது போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாகவும், ஜாமீனில் வர முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். கொலை, வழிப்பறி, செயின் பறிப்பு போன்றவை இதில் வரும். (நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளி என அறிவித்தவரையும் பிடிக்கலாம்.)
3. பிடித்தவரைத் தேவையில்லாமல் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ் இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய சட்டத்தில் இந்த 6 மணி நேரக் கெடு கிடையாது. புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஆறு மணி நேரம் வரை ரூமில் வைத்து விசாரிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது ஒப்படைப்பதற்கான கடைசிக் கெடு. விசாரிக்கும் அதிகாரம் போலீஸுக்கு மட்டுமே.

5,000 ரூபாய் கணக்கு: பலருக்கும் தெரியாத மாற்றம்

சூப்பர் மார்க்கெட்டில் பிடிபடுவது பெரும்பாலும் சாக்லேட், ஷாம்பு, பால் பவுடர் போன்ற சின்னப் பொருள்கள். இங்கே புதிய சட்டம் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்திருக்கிறது.

திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. இந்த வகைத் திருட்டு, ஜாமீனில் வரக்கூடிய குற்றமாகவும், வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாத குற்றமாகவும் சட்ட அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது.

போலீஸே நேரடியாகக் கைது செய்ய முடியாத ஒரு விஷயத்துக்கு, 40-வது பிரிவைக் காட்டி செக்யூரிட்டி பிடித்து வைப்பது சட்டரீதியாக மிகவும் பலவீனமானது.

அதற்காகக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இல்லை. தன் சொத்தைக் காப்பாற்றும் தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. எடுத்துப் போகும் பொருளைத் தடுத்து மீட்கலாம். ஆனால் அந்த உரிமைக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. பொருள் கைக்குத் திரும்பியதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு செய்ய வேண்டியது சி.சி.டி.வி. காட்சியை எடுத்து வைத்து 112-க்கு போன் போடுவதுதான்.

செய்யவே கூடாதவை: செய்தால் என்ன வழக்கு?

- வழியை மறித்து நிறுத்துவது: ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் (பிரிவு 126).
- ரூமில் அடைத்து வைப்பது: ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் (பிரிவு 127).
- அடிப்பது: சாதாரணக் காயத்துக்கே ஓராண்டு வரை சிறை (பிரிவு 115).
- "பத்து மடங்கு கட்டு, இல்லாட்டி போலீஸ்ல சொல்வேன்" என்று பணம் கேட்பது: மிரட்டிப் பணம் பறித்தலாகப் பார்க்கப்படும். ஏழு ஆண்டு வரை சிறை (பிரிவு 308).
- "திருடி" என்று வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது: அவதூறு வழக்கு வரலாம் (பிரிவு 356).

பிடித்தவர்கள் எல்லை மீறினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் எல்லையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில், கோவையை ஒட்டிய கேரளாவின் அட்டப்பாடியில், சாப்பாட்டுப் பொருள்களைத் திருடினார் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்து, கையைக் கட்டி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். அவர்கள் "திருடனைப் பிடித்தோம்" என்று நினைத்தவர்கள்தான்.

ரயிலில் டி.டி.ஆர்.: இங்கே கதை வேறு

நாம் டி.டி.ஆர். என்று சொல்லும் டிக்கெட் பரிசோதகருக்கு 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் நேரடியாக அதிகாரம் தருகிறது. அவர் கேட்டால் டிக்கெட்டைக் காட்டியே ஆகவேண்டும்.

டிக்கெட் இல்லை என்றால்? பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தோடு கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். கூடுதல் தொகை என்பது அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட இடத்திலிருந்தோ, வழியில் கடைசியாக செக்கிங் நடந்த இடத்திலிருந்தோ கணக்கிடலாம். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் கைமாறும் பணம் அபராதம் அல்ல, லஞ்சம்.

கட்ட மறுத்தால் மாஜிஸ்திரேட் மூலம் வசூலிக்கலாம். அல்லது ரயிலிலிருந்து இறக்கிவிடலாம். ஏமாற்றும் எண்ணத்தோடே டிக்கெட் இல்லாமல் போனது உறுதியானால் 137-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம்.

பெண்களை நடுராத்திரியில் இறக்கிவிடலாமா?

கூடாது. ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆண் துணை இல்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர ஸ்டேஷன் ஆகியவற்றில் மட்டுமே இறக்கலாம். அதுவும் பகல் நேரத்தில் மட்டும்.

வீட்டில் இருக்கும் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லி வையுங்கள். டிக்கெட் இல்லை என்பது தவறுதான், அபராதம் உண்டுதான். ஆனால் அதற்காக இரவில் ஆளில்லாத ஸ்டேஷனில் இறங்கச் சொன்னால், "139-வது பிரிவுப்படி இறக்க முடியாது" என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆர்.பி.எஃப். வேறு, ரயில்வே போலீஸ் வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஆர்.பி.எஃப். எனப்படும் ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவது. தண்டவாளத்தைக் கடப்பது, பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுவது, டிக்கெட் இல்லாப் பயணம் போன்ற ரயில்வே சட்டக் குற்றங்களில், அங்கீகரிக்கப்பட்ட ஆர்.பி.எஃப். அதிகாரிகள் கைது செய்யலாம். 2003-ல் வந்த சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது.

ரயில்வே போலீஸ் என்பது மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவு. பை திருட்டு, பாலியல் சீண்டல், அடிதடி ஆகியவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது இவர்கள். ஓடும் ரயிலில் எந்தப் பிரச்சனை என்றாலும் 139 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பஸ்ஸில் கண்டக்டர், செக்கர்: எதுவரை?

டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏறுவதையும் இருப்பதையும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 124-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது 178-வது பிரிவு. பஸ்ஸுக்குள் எழுதியிருப்பது இதைத்தான்.

பலர் கவனிக்காத விஷயம், அதே 178-வது பிரிவில் கண்டக்டருக்கும் அபராதம் உண்டு. காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தராவிட்டாலோ, செல்லாத டிக்கெட் கொடுத்தாலோ அவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். "கண்டக்டர் இன்னும் வரலைங்க, கூட்டம்" என்பது உண்மையாக இருந்தால் செக்கரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கட்டணமில்லா பஸ்ஸில் போகும் பெண்களும் கண்டக்டர் தரும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

செக்கருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அபராதத்தைக் கட்ட மறுத்து தகராறு செய்தால் போலீஸிடம் ஒப்படைக்கலாம். உங்கள் போன், பர்ஸ், பையைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டில் கண்டக்டருக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. 2022 ஆகஸ்டில் மாநில மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, அனுமதியில்லாமல் போட்டோ எடுப்பது போன்றவற்றில் ஈடுபடும் பயணியை கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், வழியில் உள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். உதவி செய்வதுபோல் பெண்களைத் தொடும் கண்டக்டர் மீதும் நடவடிக்கை எடுக்க அதே விதி வழி செய்கிறது.

மெட்ரோவில்?

மெட்ரோவுக்கு 2002-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் கட்டணத்தோடு கூடுதல் தொகை வசூலிக்கலாம். குடித்துவிட்டு வருவது, எச்சில் துப்புவது, தகராறு செய்வது ஆகியவற்றுக்கு அபராதமும் உண்டு, இறக்கிவிடவும் செய்யலாம். டெல்லி மெட்ரோவில் சோதனை செய்வது சி.ஐ.எஸ்.எஃப். என்ற மத்தியப் படை. தனியார் ஏஜென்சிக் காவலர் நிற்கும் இடங்களில், அவர் பிரச்சனையைக் கண்டால் மெட்ரோ அதிகாரியையோ போலீஸையோ அழைக்க வேண்டும்.

இவர்கள் மீது கை வைத்தால்?

உரிமை என்பது ஒரு பக்கம் மட்டும் அல்ல. டி.டி.ஆர்., அரசு பஸ் டிரைவர், கண்டக்டர், செக்கர் ஆகியோர் சட்டப்படி அரசு ஊழியர்கள். பணியில் இருக்கும்போது அவர்களைத் தாக்கினால் 132-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. காயம் ஏற்படுத்தினால் 121-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை.

தனியார் செக்யூரிட்டிக்கு இந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. வெயிலில் மணிக்கணக்கில் நின்று, குறைந்த சம்பளம் வாங்கி, "யார்னு தெரியுமா?" என்ற திட்டையும் வாங்குபவர் அவர். அவரை அடித்தாலும் வழக்கு வழக்குதான். பை சோதனைக்கு அவர் தானாக ஆசைப்பட்டு நிற்கவில்லை, நிர்வாகம் நிற்க வைத்திருக்கிறது. கோபத்தை அவரிடம் காட்டுவதை விட மேனேஜரைக் கூப்பிடச் சொல்வதே சரியான வழி.

நம்மைப் பிடித்து வைத்தால் என்ன செய்வது?

1. சண்டை போடாதீர்கள், தள்ளிவிட்டு ஓடாதீர்கள். "எந்தப் பிரிவில் என்னை நிறுத்தி வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.
2. காவலரின் பெயர், அடையாள அட்டை எண், ஏஜென்சி பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. "போலீஸை வரச் சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அல்லது 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகள் சம்பந்தப்பட்டால் 1098.
4. மிரட்டி எழுதி வாங்கும் வெள்ளைத் தாளிலோ, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்ற கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள்.
5. அந்த நேரத்து சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு அன்றே எழுத்தில் அல்லது இ-மெயிலில் கேளுங்கள். நாள் கடந்தால் பதிவு அழிந்துவிடலாம்.
6. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

சுருக்கமாக...

- தனியார் செக்யூரிட்டி: உங்கள் சம்மதத்தோடு மட்டுமே சோதனை. கண் முன் நடந்த கடும் குற்றத்தில் பிடித்து, உடனே போலீஸிடம் ஒப்படைக்கலாம். விசாரணை, அபராதம், அடி எதற்கும் அதிகாரம் இல்லை.
- டி.டி.ஆர்.: டிக்கெட் கேட்கலாம், ரசீதோடு அபராதம் வசூலிக்கலாம், இறக்கிவிடலாம். தனியாக வரும் பெண்கள், குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.
- ஆர்.பி.எஃப்.: ரயில்வே சட்டக் குற்றங்களில் கைது செய்யலாம்.
- பஸ் கண்டக்டர், செக்கர்: அபராதம் உண்டு, இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். கைது இல்லை.

யூனிஃபார்மைப் பார்த்துப் பயப்பட வேண்டியதும் இல்லை, எகிற வேண்டியதும் இல்லை. டிக்கெட் கேட்டால் காட்டுங்கள். பையைக் கேட்டால் முடிவு உங்களுடையது. ரூமுக்குள் கூப்பிட்டால் மட்டும், "போலீஸ் வரட்டும், இங்கேயே நிற்கிறேன்" என்று சொல்லுங்கள்.